ஆடிக் காற்று எந்த வழியாக வருகிறது?

ஆனி பிறந்ததும் திருப்பூரை அடுத்த வேலம்பாளையத்தில் புகை, மட்டை, துணி மூன்றும் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கும். பட்டறைப் புகைபோக்கிகளின் புகை கிழக்கே படுக்கும். எஞ்சியிருக்கும் தோட்டங்களில் தென்னை மட்டைகள் கிழக்கே ஒதுங்கும். மொட்டை மாடிக் கயிற்றில் காயும் பனியன் துணி கிழக்குப் பக்கமாகவே தூக்கி நிற்கும். ஆடி, ஆவணி கடந்து புரட்டாசி வரை இதே கதைதான். ஐப்பசியில் புகை திரும்பிக்கொள்ளும். மார்கழியில் அதே புகை தென்மேற்கே நகரும்; சில அதிகாலைகளில் எங்கும் நகராமல் கூரை மட்டத்திலேயே படர்ந்து கிடக்கும்.

15 வேலம்பாளையம் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. பருத்தியும் சோளமும் நின்ற காடுகளில் இன்று பனியன் கம்பெனிகள் நிற்கின்றன. ஆனால் காற்றுக்கு ஊராட்சி, மாநகராட்சி என்ற பேதம் கிடையாது. அவிநாசி, பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் வாழை, தென்னை, மக்காச்சோளம், மல்பெரி வைத்திருக்கும் எல்லோருக்கும் அதே காற்றுதான். அது எப்படி உண்டாகிறது, எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பாடமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பட்டுப்புழு சாவதும், குலை தள்ளிய வாழை ஒடிவதும் இந்தப் பாடத்தில்தான் இருக்கின்றன.

எடை உள்ள பொருள்

காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு எடை இல்லை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை உள்ளது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறைக்குள் அடங்கிய காற்றைத் தராசில் வைக்க முடிந்தால் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அரை மூட்டை நெல்லின் எடை! அது நகர்ந்து வந்து மோதும்போது மரம் சாய்வதில் வியப்பில்லை.

வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரை தன்மேல் தங்கியிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. தோசைக் கல் போலத்தான். தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சூடேறுவதில்லை. உழுது போட்ட காடும் தார்ச் சாலையும் விரைவில் கொதிக்கும். தண்ணீர் பாய்ச்சிய கரும்புத் தோட்டமும் குளமும் மெதுவாகவே சூடாகும். கொதித்த இடத்துக் காற்று விரிந்து, எடை குறைந்து மேலே எழும். அங்கே அழுத்தம் தணியும். பக்கத்திலிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று அந்த இடத்தை நோக்கி நகரும். இந்த நகர்ச்சிதான் நாம் காற்று என்று சொல்வது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவது அதன் குணம். இரண்டு இடங்களுக்கும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, இடைப்பட்ட தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகம்.

பங்குனி, சித்திரை மத்தியானங்களில் வெறுங்காட்டில் திடீரென்று புழுதியும் சருகும் சுழன்று மேலே போவதைக் காணலாம். பேய்க்காற்று என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு துண்டு நிலம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் மேலிருந்த காற்று விசுக்கென்று எழ, சுற்றிலும் உள்ள காற்று ஓடி வந்து சுழல்கிறது. மேகமே இல்லாத வானத்தில் அது உண்டாவதற்குக் காரணம் இதுதான்.

மலையில் ஒரு வாசல்

ஆடிக் காற்று வேறு வகை. அது காட்டிலோ ஊரிலோ பிறந்ததல்ல. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள இந்து மகாசமுத்திரப் பரப்பில் அந்தப் பருவத்தில் காற்றழுத்தம் மிகுந்திருக்கும். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கோடை வெயிலால் நிலம் காய்ந்து அழுத்தம் தணிந்திருக்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓட வேண்டிய காற்று, பூமி சுழல்வதால் நேர்க்கோட்டில் போக முடிவதில்லை. தென்பாதி உலகில் அது இடப்பக்கமாக ஒதுங்கித் தென்கிழக்குக் காற்றாக வருகிறது. ரேகையைத் தாண்டியதும் வலப்பக்கமாக ஒதுங்கித் தென்மேற்குக் காற்றாக மாறுகிறது. சோமாலியக் கரையோரம் வேகம் பிடித்து, அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து, வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளக் கரையில் வந்து ஏறுகிறது.

அங்கே குறுக்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. குஜராத் எல்லை தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளச் சுவர் அது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு மலைக்கூட்டங்களுக்கும் நடுவில்தான் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலம். உயரமோ சில நூறு மீட்டருக்குள். சுவருக்கு மேற்கே தேங்கி நிற்கும் காற்றுக்கு இது ஒரு வாசல். மேற்கே அழுத்தம் ஏறியிருக்க, கிழக்கே கொங்குச் சமவெளி வெயிலில் காய்ந்து அழுத்தம் இறங்கியிருக்க, வாசல் வழியாகக் காற்று பாய்கிறது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்த வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் காற்று அதிகமாக வீசுவதைப் பார்த்திருப்பார்கள். கோவை, பொள்ளாச்சி, பல்லடம், திருப்பூர், உடுமலை எல்லாம் அந்த வாசற்படியில் உட்கார்ந்த ஊர்கள்.

காற்று வருகிறதே, அதனோடு மழை ஏன் வருவதில்லை என்ற கேள்வி நியாயமானது. மலைமேல் ஏறும் காற்று குளிர்ந்து, மேகமாகி, தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி சூடேறுகிறது. சூடான காற்று ஈரத்தை விடாது. இன்னும் வாங்கிக்கொள்ளவே பார்க்கும். அதனால்தான் ஆடியில் வேலம்பாளையத்தின் மேல் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், மண் நனையாது. திருப்பூர் வட்டாரத்துக்குப் பெருமழை, காற்று திசை மாறிய பிறகு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான்.

செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இதே போன்ற கணவாய்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் காற்றாலைகள் குவிந்துள்ள இடங்களை வரைபடத்தில் குறித்தால் இந்த வாசல்களுக்கு நேர் கிழக்கே புள்ளிகள் விழும். பல்லடம், உடுமலை, தாராபுரம் காடுகளில் சுற்றும் காற்றாலைகளில் பல, நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் மின்சாரம் தருபவை. ஆக, மடகாஸ்கர்ப் பக்கம் புறப்பட்ட காற்று திருப்பூரில் பனியன் நெய்வதற்கும் உதவுகிறது.

பகலில் ஆட்டம், இரவில் உறக்கம்

தரையை ஒட்டி வீசும் காற்றின் குணம் மேலே வீசும் காற்றின் குணம் அல்ல. மண், புல், செடி, வரப்பு, வீடு எல்லாம் காற்றை உராய்ந்து பிடித்து நிறுத்துகின்றன. வெட்டவெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் முழங்கால் உயரத்தில் இருக்கும்.

காலையில் தரை சூடேறி, காற்று கீழும் மேலுமாகக் கலக்கத் தொடங்கியதும் மேலேயுள்ள வேகமான காற்று கீழே இறங்கி வரும். பத்து, பதினொரு மணிக்கு மேல் காற்று வலுப்பது இதனால்தான். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள் உச்சம். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் இந்தக் கலப்பு நின்றுபோகும். தரையோடு குளிர்ந்த காற்று கனத்துப் படுத்துவிடும். அதன் மேல் சூடான காற்று மூடியைப் போல நிற்கும். அப்போது தோட்டத்தில் இலை அசையாது. ஆனால் அதே இரவில் 80 மீட்டர், 100 மீட்டர் உயரத்தில் நிற்கும் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும். கீழே காற்றில்லாமல் மேலே எப்படிச் சுற்றுகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். மார்கழிக் காலையில் பட்டறைப் புகை மேலே ஏறாமல் தெருவில் கிடப்பதற்கும் இந்த மூடியே காரணம்.

துணி காயப்போடும் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று விவசாயிகளுக்கும் உதவும். வெயில் மட்டும் துணியைக் காயவைப்பதில்லை. துணியைச் சுற்றி நிற்கும் ஈரக் காற்றை வீசும் காற்று அள்ளிக்கொண்டு போனால்தான் சீக்கிரம் காயும். ஆடி மாதம் வானம் மூடியிருந்தாலும் செடி வாடுவது இப்படித்தான். தெளிப்புக் குழாயில் பாய்ச்சுகிறவர்கள் பிற்பகலில் திறந்தால் தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்துக் காட்டுக்கும் ஒரு பங்கு ஆகாயத்துக்கும் போகும். இரவிலோ விடியற்காலையிலோ திறப்பதே சிக்கனம்.

சித்திரைச் சூறை

வாழைக்காரர்கள் ஆடிக் காற்றைவிட அதிகம் பயப்பட வேண்டியது சித்திரை, வைகாசிச் சூறைக் காற்றுக்குத்தான். கோடை மழைக்கு முன்னால் கால் மணி நேரம் அடித்து ஒரு தோட்டத்தையே படுக்க வைத்துவிட்டுப் போகும் காற்று அது. கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் வாழை சாயும் செய்தி பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில்தான் வருகிறது.

அதன் பிறப்பு வேறு. மத்தியானச் சூட்டில் எழும் காற்று கோபுரம் போன்ற இடி மேகமாக வளருகிறது. மேகத்துக்குள் மழை விழத் தொடங்கியதும் அந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, மழையோடு சேர்ந்து கீழே விழுகிறது. தரையில் மோதியதும் குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டியது போல எல்லாப் பக்கமும் சிதறி ஓடுகிறது. மழை வருவதற்கு முன்பே சில்லென்று மண் வாசனையுடன் வந்து மோதும் காற்று இதுவே.

ஆகவே அதன் திசையை மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேகம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமிருந்து வரும். மேற்கே மட்டும் வேலி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்குக் கிழக்கிலிருந்து வந்து சேதம் செய்யும்.

இங்கே ஒரு கணக்கு அவசியம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது மரத்தைத் தள்ளும் பலம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, தனக்கு நேரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 6 கிலோ கனத்துக்குச் சமமாகத் தள்ளுகிறது. 72 கிலோமீட்டர் வேகமானால் 24 கிலோ. வாழை இலை காற்றில் கீற்றுக் கீற்றாகக் கிழிவதைப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை. கிழிந்த இலை காற்றை விட்டுவிடுகிறது, தண்டு பிழைக்கிறது. ஆனால் குலை தள்ளிய மரத்துக்கு அந்தத் தந்திரம் போதாது. உச்சியில் குலையின் கனமும் சேர்ந்துகொள்வதால் நடுத்தண்டில் ஒடியும். குலை சாயும் பக்கத்தில் சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுத்து, கழுத்தை ஒட்டிக் கட்டுவது பழைய முறை. இன்றும் அதைவிட நம்பகமானது குறைவு. செலவைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறவர்கள் பங்குனி முடிவதற்குள்ளாவது குலை தள்ளிய மரங்களுக்கு மட்டும் கொடுத்துவிட வேண்டும்.

மருந்து யார் தோட்டத்தில் விழுகிறது?

காற்றைக் கவனியாமல் மருந்தடிப்பதால் வரும் சண்டை வரப்புச் சண்டைக்கு அடுத்தபடியானது. மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல 2,4-டி அடிக்கிறார்கள். மக்காச்சோளம் தாங்கும். கிழக்கே பருத்தி நின்றால் தாங்காது. மிகச் சிறிய அளவு பட்டாலே இலை விரல் போலச் சுருங்கி வளர்ச்சி கெடும். தக்காளிக்கும் திராட்சைக்கும் இதே கதிதான். உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம். பக்கத்துத் தோட்டத்தில் அடித்த பூச்சி மருந்து மல்பெரி இலையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்தாலும், அந்த இலையைத் தின்ற புழுக்கள் தட்டுத் தட்டாகச் சாகும். ஒரு மாத உழைப்பு ஒரு பகலில் போய்விடும். மருந்தடித்தவருக்கோ தான் செய்தது தெரியவே தெரியாது.

ஆடியில் மருந்து கிழக்குத் தோட்டக்காரருக்குப் போகும். மார்கழியில் தென்மேற்குத் தோட்டக்காரருக்குப் போகும். இந்த ஒன்றை நினைவில் வைத்து, அடிப்பதற்கு முதல் நாள் அந்தப் பக்கத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் மல்பெரி இலையை முன்னதாகவே பறித்துக்கொள்ள வழியுண்டு.

காற்றே இல்லாத நேரம்தான் மருந்தடிக்கச் சிறந்தது என்று பலர் நினைப்பது சரியல்ல. விடியற்காலையில் மேலே சொன்ன மூடி இருக்கும்போது, நுண்ணிய துளிகள் கீழே படியாமல் புகை போல மிதந்து, மெல்ல எங்கோ நகர்ந்து போய் இறங்கும். முகத்தில் மெல்லக் காற்று படுவதும் இலைகள் சலசலப்பதுமான வேளைதான் ஏற்றது. வெயில் ஏறிச் சற்று நேரம் கழித்துத் தொடங்கி, காற்று வலுக்குமுன் முடிக்க வேண்டும். புழுதி கிளம்பத் தொடங்கினால் தெளிப்பானை இறக்கி வைத்துவிடுவதே நல்லது. காற்றுக்குக் குறுக்காக நடந்து, மருந்து உடம்பிலிருந்து விலகிப் போகும்படி அடிக்க வேண்டும். தெளிப்பு முனை பயிரை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடும் என்பதை மறக்கக் கூடாது. டிரோன் வைத்து மேலிருந்து அடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

வேலி ஓட்டையாக இருக்கட்டும்

காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புவது வீண் செலவு. சுவரில் மோதிய காற்று மேலேறிக் குதித்து, மறுபுறம் சிறிது தூரத்திலேயே சுழன்று விழும். கம்பெனிச் சுற்றுச்சுவரை ஒட்டிய காடுகளில் பயிர் ஒழுங்கற்றுச் சாய்ந்து கிடப்பதை இதற்குச் சாட்சியாகப் பார்க்கலாம். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் உயிர்வேலிதான் பலன் தருவது. கொங்கு நாட்டுக் கிளுவை வேலி தாழ்வான பயிருக்கு அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது. வாழைக்கும் தென்னங்கன்றுக்கும் உயரம் வேண்டும். சவுக்கு, அகத்தி, கிளைரிசிடியா வைக்கலாம். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும். ஐந்து மீட்டர் உயர மரவரிசை என்றால் 50 மீட்டர். ஆடிக் காற்றுக்காக மேற்கு, தென்மேற்கு ஓரங்களில் வைக்க வேண்டும். வேர் பயிருக்குள் ஓடாதபடி இடையில் ஒரு சால் அகழி வெட்டிவிடுவது நல்லது.

வண்டி போவதற்காக வேலியின் நடுவில் வழி விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் அடைத்து நடுவில் விட்ட இடைவெளி ஒரு சின்னப் பாலக்காட்டுக் கணவாய். தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத வேகத்தில் அங்கே காற்று புகுந்து, நேரே உள்ள வரிசைகளை அடிக்கும். வழியைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றலாம். முடியாவிட்டால் வழிக்கு உட்புறம் நான்கு அகத்தியைக் குறுக்கே நட்டுவிடலாம்.

பிள்ளைகள் செய்யக்கூடியது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காற்றைக் கவனிக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. ஒரு சாண் அகலம் வேண்டாம், இரண்டு விரல் அகலமும் ஒரு முழ நீளமும் உள்ள துண்டு போதும். அதை மூங்கில் நுனியில் கட்டி மொட்டை மாடியில் நட்டுவிட்டால் திசை காட்டியாகிவிடும். தெருவில் நட்டால் தவறான திசை காட்டும். இருபுறமும் கட்டடம் நிற்கும் சந்தில் காற்று சந்து போகும் பக்கமே ஓடும். துணி கிழக்கே பறந்தால் வீசுவது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. போகும் திசையை அல்ல, வரும் திசையை வைத்தே காற்றுக்குப் பெயர். மேற்கிலிருந்து வந்தால் கோடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று பெயர் வைத்த பழைய தமிழரும் இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள்.

வேகத்தைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் கப்பலோட்டிகளுக்காக வகுத்த அளவை, பின்னால் தரைக்கும் பொருத்தினார்கள். புகை நேரே எழுந்தால் காற்றில்லை. முகத்தில் பட்டு இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28. சிறு மரம் அசைந்தால் 29 முதல் 38. பெருங்கிளை ஆடிக் குடை பிடிப்பது சிரமமானால் 39 முதல் 49. அதற்கு மேல் முழு மரமே ஆடும். பிள்ளைகள் அளவெடுப்பதை விட்டு வீட்டுக்குள் போக வேண்டிய வேளை அது. காலை ஏழு, பத்து, பிற்பகல் ஒன்று, நான்கு, மாலை ஏழு என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தால், காற்று எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பது கைப்படப் பிடிபடும். அந்த நோட்டு அப்பாவின் மருந்தடிக்கும் நேரத்தையும் தீர்மானிக்கும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் தரும் முன்னறிவிப்பில் காற்றின் திசை எண்ணாக இருக்கும். பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வடக்கை 360 ஆக வைத்து வலமாக எண்ணியது அது: 90 என்றால் கிழக்கிலிருந்து, 180 தெற்கிலிருந்து, 270 மேற்கிலிருந்து. ஆடியில் பெரும்பாலும் 240, 260 என்று வரும். திடீரென்று 50, 60 என்று வரத் தொடங்கினால் காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. மானாவாரிக் காட்டை உழுது போடாதவர்கள் ஏரைத் தேட வேண்டும்.